கர்லிங் கிளப்: ஆட்டம் முடிந்த பின் மேசையில் உட்காரும் வழக்கம் வேண்டுமா, வேண்டாமா?

புல்வெளி (சஸ்காட்சுவான்) எழுதியது:

எங்கள் ஊர் கர்லிங் கிளப்பின் ஆண்டுக் கூட்டம் இந்த மாதக் கடைசியில் நடக்கிறது. இரண்டு தீர்மானங்கள் வாக்கெடுப்புக்கு வருகின்றன. லீக் ஆட்டம் நடக்கும் இரவுகளில் மாடிக் கூடத்தை ஆட்டம் முடிந்த அரை மணி நேரத்தில் பூட்டிவிட வேண்டும் என்பது முதலாவது. ஆண்கள், பெண்கள், கலப்பு அணிகள், விவசாயிகள் என்று தனித்தனி வார இறுதிகளில் நடக்கும் பான்ஸ்பீல் என்ற கர்லிங் போட்டிகளை ஒன்றாகச் சுருக்க வேண்டும் என்பது இரண்டாவது. வேலை செய்ய ஆள் கிடைக்கவில்லை, சூடாக்கும் செலவு ஏறிவிட்டது என்பவை காரணங்கள். இரண்டையும் எதிர்த்துப் பேசுவதாக இருக்கிறேன். அதற்கு முன் இந்த விளையாட்டில் பழக்கம் உள்ள நம்மவர்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

விளையாட்டைப் பார்க்காதவர்களுக்காகச் சில வரிகள். ஏறத்தாழ 45 மீட்டர் நீளமுள்ள பனித்தளம். மறுமுனையில் 12 அடி விட்டத்தில் வட்டங்கள். கைப்பிடி வைத்த கருங்கல் ஒவ்வொன்றும் 20 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அணிக்கு நான்கு பேர், ஆளுக்கு இரண்டு கல். கல்லை வழுக்கவிட்டு வட்டங்களின் நடுவுக்கு அருகில் நிறுத்த வேண்டும். ஓடும் கல்லுக்கு முன்னால் பனியைப் பிரஷ்ஷால் தேய்த்து அதன் ஓட்டத்தை நீட்டுவார்கள். பதினாறு கற்களும் போய்ச் சேர்ந்தால் ஒரு எண்ட். கிளப் ஆட்டத்தில் எட்டு எண்டுகள், கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம்.

ஆட்டம் முடிந்ததும் எட்டுப் பேரும் கைகுலுக்குகிறோம். பிரஷ்களைச் சட்டத்தில் மாட்டிவிட்டு மாடிக்குப் போகிறோம். வென்ற அணி தோற்ற அணிக்கு முதல் கோப்பைப் பானத்தை வாங்கித் தர வேண்டும். அதைக் குடித்து முடித்ததும் தோற்றவர்கள் திருப்பி வாங்கித் தருவார்கள். இது எந்த விதிப் புத்தகத்திலும் கட்டாயம் என்று இல்லை. ஆனால் கைகுலுக்கிவிட்டு நேரே காருக்குப் போகிறவரை எங்கள் ஊரில் யாரும் நல்ல ஆட்டக்காரர் என்று சொல்ல மாட்டார்கள்.

அந்த மேசையில் என்ன நடக்கிறது என்றால், ஆறாவது எண்ட் மறுபடி நடக்கிறது. உப்புக் குப்பி எங்கள் காவல் கல், அதாவது வட்டத்துக்கு முன்னால் நின்று மறைக்கும் கல். மிளகுக் குப்பி அவர்களுடைய கல், வட்டத்தின் நடுவில். பாட்டில் மூடிகள் மற்றவை. எதிரணியின் ஸ்கிப், அதாவது தலைவர், எழுபதைத் தாண்டிய கோதுமை விவசாயி, மிளகுக் குப்பியை விரலால் அரை அங்குலம் நகர்த்தி, "உங்கள் கல் இவ்வளவு அகலமாக வந்திருந்தால் நான் தோற்றிருப்பேன்" என்று எனக்குச் சொல்லித் தருகிறார். வென்றவர் தோற்றவருக்குத் தன் பலவீனத்தைக் காட்டிக்கொடுக்கிறார். இதை அரை மணி நேரத்தில் பூட்டச் சொல்கிறார்கள்.

---

வடலி (ரொறன்ரோ) எழுதியது:

புல்வெளி அண்ணா, உங்கள் உணர்வை மதிக்கிறேன். ஆனால் தீர்மானத்தைக் கொண்டு வந்தவர்களின் பக்கமும் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

நான் விளையாடும் கழகம் நகரத்துக்குள் இருக்கிறது. வேலை முடிந்து நெடுஞ்சாலை நெரிசலைக் கடந்து வந்து, ஒன்பது மணி ஆட்டத்தை முடிக்கும்போது பதினொன்று ஆகிவிடுகிறது. அடுத்த நாள் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்ற வேண்டும். அந்த நேரத்தில் "இருந்துவிட்டுப் போங்கள்" என்று அன்பாகச் சொன்னாலும் அது அழுத்தம்தான். பனி கொட்டும் இரவில் குடித்துவிட்டு வாகனம் ஓட்டும் ஆபத்தையும் யாரும் மறைக்கக் கூடாது.

இன்னொன்று. நம் சமூகத்தில் குடிக்காதவர்கள் பலர். பெண்கள் பலர் மதுக் கூடம் என்றாலே அந்தப் பக்கம் போகத் தயங்குகிறார்கள். என் தங்கையை ஒரு முறை ஆரம்ப வகுப்புக்குக் கூட்டிப் போனேன். பனித்தளத்தில் சிரித்துக்கொண்டே விளையாடினாள். மாடிக்குப் போனதும் கையில் என்ன கோப்பையை வைத்திருப்பது என்று தெரியாமல் ஒடுங்கி நின்றாள். அடுத்த வாரம் வரவில்லை. விளையாட்டு அவளை விரட்டவில்லை, அந்த மேசைதான் விரட்டியது. ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் நம்மவர்கள் இத்தனை பேர் வாழ்கிறோம். கேர்ளிங் கழகத்தின் வாசலை மிதித்தவர்கள் எத்தனை பேர்? இதுவும் அதற்கு ஒரு காரணம்.

பான்ஸ்பீல்களைச் சுருக்குவது பற்றி எனக்குத் திட்டமான கருத்து இல்லை. நகரத்தில் வார இறுதி முழுவதையும் ஒரே விளையாட்டுக்குக் கொடுக்க எவருக்கும் முடிவதில்லை.

---

கருங்கல் (ஏர்ஷயர், ஸ்காட்லாந்து) எழுதியது:

எங்கள் கடற்கரையிலிருந்து பார்த்தால் எய்ல்சா கிரெய்க் தீவு தெரியும். ஒலிம்பிக்கில் ஓடும் கற்கள் அந்தத் தீவின் கருங்கல்தான். அதை இழைத்துக் கல்லாக்கும் கேஸ் நிறுவனம் பக்கத்தில் மாக்லின் ஊரில் இருக்கிறது, 1851 முதல். ஆகவே இந்த உரையாடல் இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

வடலி சொல்வதில் மது பற்றிய பகுதியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மேசை வேறு, மது வேறு. இந்த விளையாட்டு பிறந்த இடத்தில் மேசையின் நடுவில் இருந்தது வேகவைத்த மாட்டிறைச்சியும் கீரையும். பழைய கர்லிங் சங்கங்களின் விருந்து என்றாலே அந்த இரண்டும்தான். தோற்ற அணி ஊர் ஏழைகளுக்கு ஓட்ஸ் மாவோ நிலக்கரியோ வாங்கித் தர வேண்டும் என்று பந்தயம் கட்டி விளையாடிய சங்கங்கள் பல. கடும் பனியில் வயல் வேலையும் கட்டட வேலையும் நின்றுவிடும், கூலி நின்றுவிடும். ஏரி உறைந்த அதே நாளில்தான் ஏழை வீட்டில் அடுப்பும் அணையும். அந்த நாளில் ஆடும் ஆட்டத்தின் பந்தயப் பொருள் மாவாகவும் கரியாகவும் இருந்தது எவ்வளவு பொருத்தம் என்று பாருங்கள்.

1838-ல் எடின்பரோவில் கிராண்ட் கலிடோனியன் கர்லிங் கிளப் தொடங்கியது. 1842-ல் விக்டோரியா மகாராணி ஸ்கோன் அரண்மனைக்கு வந்தபோது வழவழப்பான மரத்தரையிலேயே கல் ஓட்டிக் காட்டினார்கள். அடுத்த ஆண்டு 'ராயல்' பட்டம் கிடைத்தது. அந்தத் தாய்க் கிளப் நடத்திய பெருவிழா கிராண்ட் மேட்ச். நாட்டின் வடபகுதிக்கும் தென்பகுதிக்கும் இடையே, உறைந்த ஏரியின் மேல், ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நாளில் ஆடுவது. பனி போதிய கனத்துக்கு உறைந்தால்தான் நடத்த முடியும். கடைசியாக நடந்தது 1979 பிப்ரவரியில், மென்டீத் ஏரியில். 2010-ல் ஏரி உறைந்தது, ஏற்பாடும் தொடங்கியது, பாதுகாப்புக் காரணங்களால் கைவிட்டார்கள். அதைப் பற்றி இங்கே பெரியவர்கள் இன்னும் வருத்தத்தோடு பேசுகிறார்கள். 1979-ல் யார் வென்றார்கள் என்று கேட்டால் யோசிப்பார்கள். யாரோடு ஒரே வண்டியில் போனோம், கரையில் யார் சூப் ஊற்றிக் கொடுத்தார்கள் என்று கேளுங்கள், உடனே சொல்வார்கள்.

---

பொன்னி (வின்னிபெக்) எழுதியது:

சூப் ஊற்றிக் கொடுத்தது யார் என்று கருங்கல் எழுதியதைப் படித்ததும் நானும் எழுத வேண்டும் என்று தோன்றியது. அந்தச் சூப்பைக் காய்ச்சியது யார் என்பதுதான் என் கேள்வி.

எங்கள் கிளப்பில் பெண்களின் பான்ஸ்பீல் ஜனவரிக் கடைசியில் வரும். வெளியே சுழியத்துக்குக் கீழே முப்பது டிகிரி. வெள்ளிக்கிழமை மாலை முதல் ஞாயிறு மாலை வரை. ஒவ்வொரு அணியும் ஒரு வேடத்தில் வரும். தேனீக்களாக, செவிலியராக, அறுவடைக்காரர்களாக. காலை எட்டு மணி ஆட்டத்துக்கு இறக்கை கட்டிக்கொண்டு அறுபது வயதுப் பெண் பனித்தளத்தில் முழங்கால் மடித்துக் கல்லோடு வழுக்கிப் போவதைப் பார்க்க வேண்டும். அந்த மூன்று நாட்களில் இந்தப் பெண்கள் அம்மாவாகவோ பாட்டியாகவோ யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அந்த வார இறுதியை ஆண்கள் போட்டியோடு சேர்த்துவிடலாம் என்று சொல்கிறவர் ஒரு முறையாவது அங்கே வந்து நிற்க வேண்டும். சுருக்கும் தீர்மானத்தை நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன்.

ஆனால் ஆண்களின் பான்ஸ்பீல் நடக்கும்போது சமையலறையில் யார் நிற்கிறார்கள்? அதே பெண்கள். உக்ரைன் வம்சாவளியினர் பிசையும் பெரோகி என்ற கொழுக்கட்டை, கோஸ் இலையில் அரிசியும் இறைச்சியும் சுருட்டிய உருண்டைகள், பத்துப் பன்னிரண்டு வகை பை (pie) என்ற பலகாரம். அந்தப் பலகாரத்தைச் சமமாக வெட்ட ஒரு மூதாட்டி இருக்கிறார். கத்தியை வெந்நீரில் முக்கி முக்கி வெட்டுவார், ஒரு துண்டுகூட உடையாது. அவருக்கு இப்போது நிற்க முடியவில்லை. அவருடைய மகள் இரண்டு வேலை பார்க்கிறார். ஆள் இல்லை என்று உங்கள் குழு சொல்வது இதைத்தான், புல்வெளி அண்ணா. மேசையைக் காப்பாற்ற வேண்டும் என்று பேசுகிற ஆண்கள், மேசைக்கு வரும் தட்டைக் கழுவுவதைப் பற்றியும் அதே கூட்டத்தில் பேச வேண்டும்.

பெரிய போட்டிகளின் வரலாறும் இதுதான். எங்கள் மானிட்டோபா பான்ஸ்பீல் 1889-ல் தொடங்கியது. நூறாவது போட்டி 1988-ல் நடந்தபோது 1,280 அணிகள் வந்தன. ஐயாயிரம் பேருக்கு மேல் விளையாட, நகரத்திலும் சுற்றிலும் உள்ள கிளப்புகள் எல்லாம் திறந்திருந்தன. இத்தனை பேருக்கும் யாரோ சமைத்தார்கள். கோப்பை யாருக்குப் போனது என்பதற்குப் பதிவேடு இருக்கிறது, சமைத்தவர்களுக்கு இல்லை.

---

பனித்துளி (கால்கரி, மாணவர்) எழுதியது:

அண்ணன்மார், அக்காமார் மன்னிக்கவும், இடையில் ஒரு சிறு கேள்வி. அக்டோபரில் சேரலாம் என்று இருக்கிறேன். என்ன வாங்க வேண்டும்? செலவு எவ்வளவு ஆகும்? தனியாகப் போனால் அணி கிடைக்குமா?

---

வடலி எழுதியது:

தம்பி, முதல் பருவத்துக்கு ஒன்றும் வாங்க வேண்டாம். கல் கழகத்துடையது. பிரஷ்ஷும், காலணிக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் வழுக்குத் தகடும் பெரும்பாலான இடங்களில் இரவலாகக் கொடுப்பார்கள். சுத்தமான ரப்பர் அடிக் காலணியைக் கையில் எடுத்துப் போய் உள்ளே மாற்றிக்கொள்ளுங்கள். வீதி மண் ஒரு துகள் பனியில் விழுந்தாலும் கல்லின் ஓட்டம் கெடும், அதில் மட்டும் எல்லோரும் கண்டிப்பு. முழங்கால் மடங்கும் காற்சட்டை, மெல்லிய கையுறை, தலைக்கு ஒரு காப்பு. தனியாக வருகிறவர்களுக்கென்றே பட்டியல் வைத்து அணி சேர்த்துவிடுவார்கள். கட்டணம் இடத்துக்கு இடம் மாறும், தொலைபேசியில் கேளுங்கள்.

---

புல்வெளி எழுதியது:

பொன்னி அக்கா கேட்டது சரியான கேள்வி. கூட்டத்தில் அதை முதல் ஆளாக நானே எழுப்புவேன். அதற்கான ஒரு யோசனையும் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

வடலிக்கு ஒரு விளக்கம். நகரத்துக் கிளப்புக்கும் எங்கள் ஊருக்கும் ஒரு பெரிய வேறுபாடு, ஆட்டத்தின் காலண்டர். எங்களுடையது நிலத்தின் காலண்டர். எண்ணெய் வித்தான கனோலாவும் கோதுமையும் வீடு சேர்ந்த பிறகுதான் பனித்தளம் போடுவார்கள். அறுவடை தள்ளிப்போனால் லீக்கும் தள்ளிப்போகும். அக்டோபர் கடைசியில் பனி போடும் நாளுக்கு ஆள் தேவை. தரையைக் கழுவி, மெல்லிய அடுக்காகத் தண்ணீர் பாய்ச்சி உறையவிட்டு, வெள்ளை பூசி, வட்டங்களுக்கு நிறம் தீட்டி, மறுபடியும் அடுக்கடுக்காகத் தண்ணீர். கடைசியில் ஒருவர் முதுகில் குடுவையைக் கட்டிக்கொண்டு பின்னோக்கி நடந்தபடியே துளித்துளியாகத் தெளிப்பார். துளி ஒவ்வொன்றும் புடைப்பாக உறையும். கல் அந்தப் புடைப்புகளின் மேல்தான் ஓடுகிறது. வழுவழுப்பான பனியில் கல் பாதி தூரம்கூடப் போகாது. அன்று மதியம் பனி போட வந்தவர்களுக்கு மிளகாய் சேர்த்த பீன்ஸ் குழம்பும் ரொட்டியும். பருவத்தின் முதல் சாப்பாடு அதுதான்.

டிசம்பரில் வான்கோழிப் போட்டி. வென்ற அணிக்கு உறைந்த வான்கோழி ஆளுக்கு ஒன்று. தோற்ற அணிக்கும் ஏதாவது கிடைக்கும், பெரும்பாலும் பன்றித் தொடை. வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியைப் பரிசாக வைத்துச் சீட்டுக் குலுக்கல். ஜனவரியில் பெண்கள். பிப்ரவரியில் விவசாயிகள், ஏனென்றால் அப்போதுதான் அவர்களுக்கு வேலை குறைவு, மார்ச்சில் விதையும் இயந்திரமும் அழைத்துவிடும். மார்ச் கடைசியில் நிறைவு விருந்து. கோப்பைகள், நன்றி, வயதானவர்களுக்கு ஒரு பாராட்டு, பிறகு குளிரூட்டியை நிறுத்துவார்கள். ஐந்து மாதம் ஊர் இருட்டில் கிடக்கும்போது இந்தத் தேதிகளைப் பிடித்துக்கொண்டுதான் மக்கள் நடக்கிறார்கள். நான்கு போட்டிகளை ஒன்றாக்கினால் மிச்சமாவது மூன்று வார இறுதி வாடகை. ஊர் இழப்பது பிப்ரவரியைக் கடக்கும் வழி.

இந்தக் கிளப்தான் இங்கே எனக்கு வழி திறந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்த ஊருக்கு வேலைக்கு வந்த புதிதில் என் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவர்கள் மருந்துக் கடையில் ஒருவர் மட்டும். கலப்பு லீக்கில் ஒரு இடம் காலி என்று அவர்தான் கூட்டிப்போனார். கார் எஞ்சின் உறையாமல் இருக்க இரவு மின் இணைப்பில் செருக வேண்டும் என்பது முதல், வீட்டுக் குழாய் வெடித்தால் எவரைக் கூப்பிடுவது என்பது வரை, எல்லாம் அந்த மேசையில் தெரிந்துகொண்டவை. நான் குடிப்பதில்லை. இஞ்சிச் சோடாதான். அவர்கள் ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை.

---

வடலி எழுதியது:

அண்ணா, நிலத்தின் காலண்டர் என்று எழுதியதை வாசித்தபோது எனக்கு விளங்கியது. எங்கள் ஊரிலும் கோயில் திருவிழாவை வைத்துத்தான் ஆண்டை எண்ணினோம். போட்டிகளைச் சுருக்க வேண்டாம் என்பதில் உங்களோடு சேர்ந்துவிட்டேன்.

மேசை பற்றிய என் குறை அப்படியே இருக்கிறது. உங்கள் ஊரில் ஏன் குடிக்கவில்லை என்று எவரும் கேட்கவில்லை. நல்லது. எல்லா இடமும் அப்படி இல்லை. தேநீர்க் கொதிகலன் ஒன்று எப்போதும் சூடாக இருக்கட்டும், முதல் கோப்பை என்றால் எந்தக் கோப்பையும் என்று அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டட்டும். எழுதி வைத்தால்தான் புதியவருக்குத் தைரியம் வரும். பழகியவர்களுக்குத் தெரியும் என்பது புதியவருக்கு உதவாது. கூடத்தைப் பூட்டுவதற்குப் பதிலாக இதைச் செய்யச் சொல்லுங்கள்.

---

கருங்கல் எழுதியது:

வடலியின் பலகை யோசனை மிகச் சரி. நான் அதோடு இன்னொன்று சேர்க்கிறேன். மேசை ஏன் அவசியம் என்பதற்கு நாம் யாரும் இதுவரை சொல்லாத காரணம் ஒன்று உண்டு.

கிளப் ஆட்டத்தில் நடுவர் கிடையாது. ஓடும் கல்லை என் பிரஷ் லேசாகத் தொட்டுவிட்டால் நான்தான் சொல்ல வேண்டும். வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், என் கையில் மட்டும் அந்த உரசல் தெரியும். வட்டத்துக்கு முன்னுள்ள கோட்டைக் கல் தாண்டிய பிறகு தொட்டிருந்தால், அதை எடுப்பதா, விடுவதா, தொடாமல் இருந்தால் எங்கே நின்றிருக்கும் என்று ஊகித்து வைப்பதா என்பதை எதிரணி ஸ்கிப் நியாயமாகத் தீர்மானிக்கிறார். எண்ட் முடிவில் எந்தக் கல் நடுவுக்கு அருகில் என்பதை இரு அணி வைஸ்-ஸ்கிப்புகளும் (துணைத் தலைவர்கள்) குனிந்து பார்த்து ஒத்துக்கொள்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டால் மட்டும் அளவுகோல் வரும். முறைகேடாக வெல்வதைவிடத் தோற்பதையே உண்மையான ஆட்டக்காரர் விரும்புவார் என்று விதிப் புத்தகத்தின் முகப்பிலேயே கர்லிங்கின் பண்பாக எழுதி வைத்திருக்கிறார்கள். மோதிப் பார்க்க எதிராளி, ஆனால் அவமானப்படுத்த அல்ல என்பதும் அங்கேயே இருக்கிறது.

இந்த நேர்மை புத்தகத்தில் எழுதியதால் வந்துவிடாது. அடுத்த இரண்டு மணி நேரத்தில் இந்த மனிதரோடு ஒரே மேசையில் முகம் பார்த்து உட்காரப் போகிறேன் என்று தெரிந்தவர் தொட்ட கல்லை மறைக்க மாட்டார். நாளைக்கு அவர் மனைவியிடம் என் பிள்ளை பியானோ கற்கப் போகிறது என்றால் இன்னும் மறைக்க மாட்டார். மேசைதான் இந்த விளையாட்டின் நடுவர். அதை எடுத்துவிட்டால் விசில் ஊத ஒருவரைச் சம்பளத்துக்கு வைக்க வேண்டி வரும்.

எங்கள் பக்கம் சில சங்கங்களில் கர்லர்ஸ் கோர்ட் என்று ஒரு சடங்கு விருந்து இன்னும் நடக்கிறது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு உறுதிமொழி, பழையவர்களுக்குச் சின்னச் சின்னக் குற்றங்களுக்கு அபராதம், தலைமை தாங்குகிறவருக்கு 'மை லார்ட்' என்று பட்டம். அபராதப் பணம் தர்மத்துக்கு. உள்ளே நடப்பதை வெளியே சொல்லக் கூடாது, நானும் சொல்லப் போவதில்லை. ஊர் நீதிபதியும் ஆடு மேய்ப்பவரும் அந்த அறையில் ஒரே வரிசையில் நிற்பார்கள் என்பதை மட்டும் சொல்லலாம்.

---

பொன்னி எழுதியது:

கருங்கல் அண்ணா எழுதியதற்கு ஒரு சாட்சி. 2020-21 பருவத்தில் பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகளால் கைகுலுக்கல் நின்றது, கூடம் மூடியது. எங்களுக்குப் பனித்தளம் திறந்திருந்த சில வாரங்கள் முகக்கவசத்தோடு விளையாடினோம். ஆட்டம் முடிந்ததும் பிரஷ்ஷைத் தரையில் தட்டிவிட்டு, அந்த முப்பது டிகிரிக் குளிரில் நேரே காருக்கு. விளையாட்டு முழுதாக இருந்தது, ஒரு விதிகூடக் குறையவில்லை. ஆனால் மனத்தாங்கல்கள் அப்போதுதான் வந்தன. ஒரு அளவெடுப்பில் வந்த சிறு வாக்குவாதம், அடுத்த வாரமும் தொடர்ந்து, ஓர் அணி பாதியிலேயே விலகியது. மாடியில் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தால் தீர்ந்திருக்கும். கூடத்தை முன்கூட்டியே பூட்டலாம் என்று சொல்கிறவர்களிடம் அந்தப் பருவத்தை நினைவுபடுத்துங்கள், புல்வெளி அண்ணா. எண்களைவிட அது நன்றாகப் பேசும்.

இன்னொரு விஷயம். யாருக்காவது புற்றுநோய் என்றால், களஞ்சியம் எரிந்தால், முதலில் ஒரு பான்ஸ்பீல் அறிவிப்பார்கள். மூன்று வாரத்தில் பணம் சேர்ந்துவிடும். சஸ்காட்சுவானின் கர்லிங் வீராங்கனை சாண்ட்ரா ஷ்மிர்லர் 1998-ல் நகானோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்று, 2000 மார்ச்சில் முப்பத்தாறு வயதில் புற்றுநோயால் இறந்தார். அவர் பெயரிலான அறக்கட்டளை பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைக் கருவிகளுக்குப் பணம் திரட்டுகிறது. நாடு முழுக்க அதற்குப் பணம் அனுப்புகிறவர்களில் கிளப் மேசைகளில் உண்டியல் சுற்றிய சாதாரண ஆட்டக்காரர்கள் நிறையப் பேர். இப்படி ஒரு கூட்டத்தைத் தேவைப்படும் அன்று புதிதாகக் கூட்ட முடியாது. அது ஏற்கெனவே கூடிப் பழகியிருக்க வேண்டும்.

---

பனித்துளி எழுதியது:

கால்கரியில் ஒரு கிளப்பில் பேசினேன். செப்டம்பர் கடைசியில் இலவச அறிமுக நாள் இருக்கிறது. குடிப்பதில்லை, பரவாயில்லையா என்று நேராகவே கேட்டேன். "வாங்க வேண்டியது பானம், எந்தப் பானம் என்று விதி இல்லை" என்றார்கள். வடலி அக்காவின் பலகை வாசகத்தை அனுப்பட்டுமா என்று கேட்டிருக்கிறேன்.

---

புல்வெளி எழுதியது:

கூட்டம் நேற்று முடிந்தது. சுருக்கமாகச் சொல்கிறேன்.

கூடத்தைப் பூட்டும் தீர்மானம் தோற்றது. பெருந்தொற்றுப் பருவத்தை நினைவுபடுத்தியதும் அறை அமைதியானது. அந்த ஆண்டு எங்கள் கிளப்பிலும் விலகிப்போன இரண்டு பேர் எழுந்து தாங்களே பேசினார்கள். தேநீர்க் கொதிகலனும் பலகையும் வருகின்றன. பலகையை வரைந்து தருவது பள்ளி ஆசிரியர் ஒருவர்.

போட்டிகளில் பெண்கள் பான்ஸ்பீல் தனியாகவே நிற்கிறது. விவசாயிகளுடையதும் தனி. ஆண்கள் போட்டியும் கலப்புப் போட்டியும் ஒரே வார இறுதிக்கு மாறுகின்றன. இது எனக்குப் பிடிக்கவில்லை. கலப்புப் போட்டியில்தான் கணவன் மனைவியும் அண்ணன் தங்கையும் ஒன்றாக ஆடினார்கள், புதியவர்கள் அங்கேதான் நுழைந்தார்கள். அடுத்த ஆண்டு மறுபடி கொண்டு வருவேன்.

சமையலறைக்கு என் யோசனையை ஏற்றுக்கொண்டார்கள். பெண்கள் போட்டியில் சமைப்பதும் கழுவுவதும் ஆண்கள் லீக்கின் அணிகள். ஆண்கள் போட்டியில் எல்லா லீக்குகளும் முறை வைத்து. அணி பதிவு செய்யும் தாளிலேயே சமையலறை முறைக்கும் கையெழுத்துப் போட வேண்டும், போடாவிட்டால் அணி இல்லை. ஒரு முதியவர் "எனக்கு முட்டை வேகவைக்கக்கூடத் தெரியாது" என்றார். "கழுவத் தெரியும் அல்லவா" என்று அவர் மனைவி பின்வரிசையிலிருந்து கேட்டார், கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பனி போடும் நாளின் மதியச் சாப்பாடு எங்கள் அணிக்கு விழுந்திருக்கிறது. பீன்ஸ் குழம்போடு சாம்பாரும் சாதமும் வைக்கலாமா என்று கேட்டேன், வைக்கச் சொல்லிவிட்டார்கள். பொன்னி அக்கா, அறுபது பேருக்கு அளவு தெரிந்தால் எழுதுங்கள். காரம் குறைவாக வேண்டும்.

---

பொன்னி எழுதியது:

துவரம்பருப்பு இரண்டு கிலோ, முந்திய இரவே ஊறவைத்துவிடுங்கள். புளி முந்நூறு கிராம். அந்த ஊரில் முருங்கைக்காய் தேடி அலைய வேண்டாம், கேரட்டும் உருளைக்கிழங்கும் பரங்கிக்காயும் போதும், அவர்கள் தோட்டத்திலேயே கிடைக்கும். சாம்பார்ப் பொடியைப் பாதி அளவு போட்டு, மீதியைத் தனிக் கிண்ணத்தில் மேசையில் வையுங்கள், வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளட்டும். தாளிப்பைக் கடைசியில், அவர்கள் கண்ணெதிரே ஊற்றுங்கள். பெரிய பாத்திரம் கிளப்பில் இருக்கும், ஆனால் அடி கனமானதா என்று முன்னதாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.